முன்கை எலும்பு கோணலாகக் கூடிவிட்டால் என்ன செய்வது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டுக்காரருக்கு 34 வயது. தை மாதம் மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கி விழுந்ததில் வலது முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்திருக்கின்றன. மூங்கில் சிம்பு வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, 45 நாள் நாட்டுக்கட்டு போட்டிருக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கோணலாக. இப்போது எட்டு மாதம் ஆகிறது. வலி அதிகமில்லை. "கோயில்ல விபூதி வாங்கக் கை நீட்டினா உள்ளங்கை மேல திரும்ப மாட்டேங்குது. இடது கையை நீட்ட மனசு வராம கோயிலுக்கே வர்றதில்லை. எண்ணெய் போட்டுத் தடவினா சரியாகுமா? மறுபடி உடைச்சுத்தான் கட்டணுமா? உடைச்சா பழைய கை வருமா?" இதுதான் கேள்வி.

சகோதரி, நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான வரி அந்த விபூதி வரிதான். நான் கம்பத்துக்காரன், எலும்பு மருத்துவன். குமுளி மலைப்பாதையிலும் கம்பம்மெட்டு வழியாகவும் இறங்கி வருகிற கைகளை இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோணலாகக் கூடிய கையோடு வருகிற எல்லோரும் முதலில் வளைவைத்தான் காட்டுவார்கள். "பாருங்க டாக்டர், வில்லு மாதிரி இருக்கு" என்பார்கள். வளைவு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் காட்டுகிறார்கள். ஆனால் கையைக் கெடுப்பது வளைவு அல்ல, திருப்பம் போனதுதான். உங்கள் வீட்டுக்காரருக்கு அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை அந்தத் திருப்பத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அதிலும் சீக்கிரம் முடிவு செய்ய வேண்டும்.

முன்கையில் இரண்டு எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா, கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். வீட்டுக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். அல்னா என்பது அசையாத நிலை, ரேடியஸ் என்பது ஆடுகிற கதவு. முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு கீல், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீல். உள்ளங்கையை மேலே, கீழே திருப்பும்போது ரேடியஸ் அல்னாவைச் சுற்றிவருகிறது. இரண்டு கீலும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் கதவு தாராளமாக ஆடும். நிலை வளைந்தாலோ, கதவுப் பலகை கோணினாலோ கீல்கள் கோட்டை விட்டு விலகிவிடும். அப்புறம் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் கதவு பாதியில் நின்றுவிடும்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ரேடியஸ் இயற்கையிலேயே நேரான எலும்பு இல்லை, அதற்கு வெளிப்பக்கமாக ஒரு மெல்லிய வளைவு உண்டு. அந்த வளைவு இருப்பதால்தான் அது அல்னாவில் இடிக்காமல் சுற்றிவர முடிகிறது. ஆகவே எக்ஸ்ரேயில் ரேடியஸ் குச்சி மாதிரி நேராகத் தெரிந்தால் அதுவும் கோணல்தான். "நேராத்தானே இருக்கு" என்று சொல்லி அனுப்பப்பட்ட சிலரை நான் பார்த்திருக்கிறேன். கை மட்டும் திரும்பவில்லை.

எவ்வளவு கோணல் வரை தாங்கும்? இறந்தவர்களின் கைகளை வைத்துச் செய்த சோதனைகளில், எலும்பின் நடுப்பகுதி 10 டிகிரி வரை வளைந்தால் திருப்பம் பெரிதாகக் குறையவில்லை. 20 டிகிரி ஆனபோது நன்றாகவே குறைந்தது. எலும்பு வளையாமல், முறுக்கிக்கொண்டு கூடுவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அந்த முறுக்கு தெரியாது, திருப்பத்தை மட்டும் தின்றுவிடும்.

அளவை நீங்களே வீட்டில் எடுக்கலாம். அவரை ஒரு ஸ்டூலில் உட்கார வையுங்கள். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டி இருக்கட்டும், விலகவே கூடாது. முழங்கையை 90 டிகிரி மடக்கி, கைக்கொரு பென்சிலை முஷ்டியில் நேராக நிறுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பென்சில் செங்குத்தாக நிற்பது பூஜ்யம். இப்போது இரண்டு கையையும் ஒரே சமயத்தில் உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்பச் சொல்லுங்கள். எதிரில் நின்று ஒரு போட்டோ. பிறகு உள்ளங்கை கீழே பார்க்கும்படி. இன்னொரு போட்டோ. நல்ல கையில் பென்சில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 80 டிகிரி சாயும், கிட்டத்தட்ட படுத்துவிடும். அன்றாட வேலைக்கு ஒவ்வொரு பக்கமும் 50 டிகிரி போதும் என்பது 1981-ல் செய்த ஒரு அளவெடுப்பில் இருந்து நாங்கள் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிற கணக்கு. அந்த 50-ஐத் தொடாத பக்கம் எதுவோ அங்கேதான் வாழ்க்கை இடிக்கும்.

முழங்கையை விலாவோடு ஒட்டச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளங்கை கீழே திரும்பாவிட்டால் மனிதன் முழங்கையைத் தூக்கி, தோளால் ஈடுகட்டிவிடுவான். பேனா பிடிப்பான், சாவி திருப்புவான், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. உள்ளங்கை மேலே திரும்பாததற்குத் தோளால் அப்படி ஈடு கொடுக்க முடியாது. கண்டக்டர் தரும் சில்லறை விரல் இடுக்கில் நழுவும். ஏலக்காய் எடுத்துக் கூடையில் போடும்போது கையில் நிற்காது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது தலையைக் குனிந்து கைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். முகம் கழுவ இரண்டு கையையும் சேர்த்துத் தண்ணீர் ஏந்தினால் ஒரு பக்கமாக வழிந்துவிடும். அவர் முகம் கழுவும்போது ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். முழங்கையை வயிற்றுக்குள் இடுக்கி, உடம்பையே வலப்பக்கம் சாய்த்து அந்த நாலு சொட்டுத் தண்ணீரைக் காப்பாற்றுவார். விபூதி விஷயத்தில் அவர் வெட்கப்படுவதை யாரும் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. அவருடைய கையின் குறை அச்சாக அங்கேதான் இருக்கிறது.

தடவுவதைப் பற்றிக் கேட்டீர்கள். எட்டு மாதம் கழித்து எலும்பு கல்லாகக் கூடியிருக்கும். எந்தத் தைலமும், எந்த உழிச்சிலும் அதை நேராக்காது. தசை இறுக்கம் கொஞ்சம் தளரலாம், வெதுவெதுப்பாக இதமாக இருக்கலாம், அதற்காகத் தடவினால் தவறில்லை. ஆனால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு கையை முறுக்கி இழுக்க யாரையும் விடாதீர்கள். இழுக்கிற இழுப்பில் கூடிய இடத்துக்குப் பக்கத்தில் புது முறிவு வரலாம், முழங்கை மூட்டைச் சுற்றி தசையில் எலும்பு வளர்ந்து அந்த மூட்டும் இறுகிவிடலாம். முறிந்து முதல் மூன்று, நான்கு வாரத்துக்குள் எலும்பு பசை மாதிரி இருக்கும்போது நிமிர்த்துவது வேறு கதை. அந்தக் காலம் உங்களுக்குத் தாண்டிவிட்டது.

கட்டுப் போட்டவரை இங்கே திட்டப் போவதில்லை. மலையில் விழுந்தவனை ஜீப்பில் தூக்கிப் போட்டு இரண்டு மணி நேரம் கொண்டைஊசி வளைவுகளில் இறக்குவதைவிட, பக்கத்து லயத்தில் கட்டுகிற ஆளிடம் போவது எளிது என்று யாருக்கும் தோன்றும். அதிகம் விலகாத குழந்தை முறிவுகள் அவர்கள் கையில் நன்றாகவே கூடுகின்றன. ஆனால் பெரியவர்களுக்கு முன்கையின் இரண்டு எலும்பும் நடுவில் முறிந்தால், நாட்டுக்கட்டு மட்டுமல்ல, எங்கள் ஆஸ்பத்திரி மாவுக்கட்டே அதைப் பிடித்து வைக்காது. ஒரு எலும்பை ஒரு தசைக்கூட்டம் மேலே திருப்பும், இன்னொரு கூட்டம் கீழே திருப்பும். கட்டுக்குள்ளேயே எலும்பு நகர்ந்துவிடும். அதனால்தான் இந்த முறிவுக்கு முதலிலேயே உலோகப் பிளேட் வைக்கிறோம்.

அடுத்து, இது உண்மையிலேயே கோணலாகக் கூடிய எலும்பு மட்டும்தானா என்று உறுதி செய்ய வேண்டும். கை திரும்பாததற்கு வேறு காரணங்களும் உண்டு. சிலருக்கு எலும்பு கூடாமலே, நார் மட்டும் பிடித்து நின்றிருக்கும். அழுத்தினால் முறிந்த இடத்தில் லேசாக ஆடும், பாரம் தூக்கினால் வலிக்கும். சிலருக்கு இரண்டு எலும்புக்கும் நடுவில் பாலம் போட்டதுபோல எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அப்போது திருப்பம் கொஞ்சம்கூட இருக்காது, முழுப்பூட்டு. சிலருக்கு அல்னா மட்டும் கோணி, ரேடியஸின் தலை முழங்கையில் மூட்டை விட்டே விலகிக் கிடக்கும். மிலான் நகரத்து மருத்துவர் மொண்டேஜியா 1814-ல் சொன்ன முறிவு இது. முழங்கையைச் சேர்த்து எக்ஸ்ரே எடுக்காவிட்டால் இன்றைக்கும் தவறிப்போகிறது.

நான் மிகவும் பயப்படுவது இன்னொன்றுக்கு. கட்டு இறுகி, உள்ளே வீக்கம் ஏறி, தசைக்கு ரத்தம் போகாமல் செத்துப்போவது. ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மான் 1881-ல் விவரித்தார், அவர் பெயராலேயே அழைக்கிறோம். இதை வீட்டிலேயே பார்க்கலாம். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் விரல்கள் நீள்கின்றன, மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் தாமாகக் கொக்கிபோல மடங்கிக்கொள்கின்றன என்றால் தசை சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் எலும்பை நேராக்கினால் மட்டும் போதாது, சிகிச்சையே வேறு. உங்கள் தோட்டத்தில் இனி யாருக்காவது கட்டுப் போட்டபின் வலி நேரம் ஆக ஆகக் கூடினால், விரலை யாராவது நீட்டிவிட்டாலே உயிர் போகிறது என்றால், அந்தக் கட்டை அந்த ராத்திரியே வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு இறக்குங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்தம் போகாத தசைக்கு ஆறு மணி நேரம்தான் ஆயுள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, மறுபடி உடைப்பது. "உடைப்பது" என்ற சொல்லே பயமுறுத்துகிறது. நாங்கள் உடைப்பதில்லை, அறுக்கிறோம். கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியிலேயே பெரும்பாலும் செய்துவிடலாம். ரேடியஸுக்கு ஒரு வெட்டு, அல்னாவுக்கு ஒரு வெட்டு என்று தனித்தனியாகத் திறப்போம். ஒரே வெட்டில் இரண்டையும் செய்தால் இரண்டு எலும்பும் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம். கோணல் எங்கே உச்சமாக இருக்கிறதோ அங்கே, எலும்பு சூடாகிச் செத்துவிடாதபடி உப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே மெல்லிய ரம்பத்தால் அறுப்போம். நேராக்கி, முறுக்கை எடுத்து, பிளேட் வைத்து, அறுத்த இடத்துக்கு இரண்டு பக்கமும் குறைந்தது மூன்று மூன்று ஸ்க்ரூ. இடைவெளி விழுந்தால் இடுப்பெலும்பின் விளிம்பில் இருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து நிரப்புவோம். தையல் போடும் முன்னால், மேஜையிலேயே கையை மேலும் கீழும் திருப்பிப் பார்ப்போம். அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு முழு ஆபரேஷன். அங்கே திரும்பாத கை வீட்டுக்குப் போய்த் திரும்பப் போவதில்லை.

இதற்கு முன்னால் திட்டம் சரியாக இருக்க வேண்டும். கோணிய கையை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் போதாது. நல்ல கையையும், முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை, இரண்டு கோணத்தில் எடுக்க வேண்டும். அவருக்கு அவருடைய இடது கைதான் மாதிரி, அதைத் திருப்பிப் போட்டுத்தான் வலது கையை வரைகிறோம். முறுக்கு இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் இரண்டு கைக்கும் சி.டி. ஸ்கேன். பெரிய ஊர்களில் அந்த ஸ்கேனை வைத்து, எங்கே எந்தச் சாய்வில் அறுக்க வேண்டும் என்று வழிகாட்டும் பிளாஸ்டிக் அச்சை முப்பரிமாணப் பிரின்டரில் செய்துகொள்கிறார்கள். சிக்கலான கோணலுக்கு அது நல்ல உதவி. உங்கள் வீட்டுக்காரருக்கு அது கட்டாயம் தேவை என்று சொல்ல மாட்டேன்.

பழைய கை வருமா? முழுமையாகப் பழைய கை என்று எந்த மருத்துவர் உறுதி கொடுத்தாலும் நம்பாதீர்கள். ஆனால் விபூதி வாங்குகிற கை வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பு நாள் ஆக ஆகக் குறையும், ஏனென்றால் இரண்டு எலும்புக்கும் நடுவில் ஓடும் சவ்வு பயன்படாத நிலையிலேயே சுருங்கிவிடுகிறது, மணிக்கட்டுக் கீலும் தேயத் தொடங்குகிறது. முறிந்து ஒரு வருடத்துக்குள் சரிசெய்தவர்களுக்குத் திருப்பம் அதிகமாகத் திரும்பக் கிடைத்தது, தாமதித்தவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது என்று 1995-லேயே அமெரிக்காவில் இருந்து ஆய்வு வந்திருக்கிறது. நான் பார்த்த கைகளும் அதையேதான் சொல்கின்றன. உங்களுக்கு எட்டு மாதம் போய்விட்டது. ஏலக்காய் எடுப்பு முடியட்டும், தை கழியட்டும் என்று தள்ளிப்போட்டால் அந்த ஒரு வருடம் கையைவிட்டுப் போகும்.

ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். சீழ் பிடிக்கலாம். அறுத்த இடம் கூடாமல் போகலாம். முழங்கைக்குக் கீழே ரேடியஸைச் சுற்றி ஓடும் நரம்பு இழுபட்டு விரல்கள் சில மாதம் நிமிராமல் போகலாம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும். எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துவதில் அதற்கு இணை இல்லை. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துக் கட்டுக்குள் வைத்த பிறகே கத்தி. எல்லாம் நல்லபடி நடந்தால் சில நாளிலேயே விரலும் முழங்கையும் அசைக்கச் சொல்வோம், திருப்பும் பயிற்சியும் சீக்கிரம் தொடங்கும். எக்ஸ்ரேயில் கூடியது தெரிய மூன்று, நான்கு மாதம் ஆகும். அதுவரை குடம் தூக்கக் கூடாது. மிளகு ஏணியை ஆறு மாதத்துக்கு நினைக்கவே வேண்டாம். பிளேட் உள்ளேயே இருக்கலாம். தொந்தரவில்லாமல் இருந்தால் எடுக்கச் சொல்லி அவசரப்படாதீர்கள், எடுத்தபின் ஸ்க்ரூ இருந்த ஓட்டையிலேயே முறியும் கைகள் உண்டு.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: கோணிய கை எல்லாவற்றுக்கும் கத்தி தேவையில்லை. என் அம்மா 68 வயதில் முற்றத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டுக்கு மேலே முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுக்குள் எலும்பு கொஞ்சம் சரிந்து, முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்தது போன்ற கோணலோடு கூடியது. மகன் எலும்பு மருத்துவன், ஆபரேஷன் செய்யலாம் என்றேன். "மாவு பிசையுறேன், கோலம் போடுறேன், வலியும் இல்ல. நீ எதுக்குடா கத்தியைத் தூக்குற?" என்றார். பென்சில் வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் 60 டிகிரிக்கு மேல் திரும்பியது. விட்டுவிட்டேன். இந்த மணிக்கட்டு முறிவை 1814-ல் எழுதிய டப்ளின் மருத்துவர் காலிஸ், எக்ஸ்ரே வருவதற்கு 81 வருடம் முன்பே, கோணல் ஆயுளுக்கும் இருக்கும், ஆனாலும் ஒருநாள் கை வலியில்லாமல் எல்லா வேலையும் செய்யும் என்று சொன்னார். வயதானவர்களில் பலருக்கு அது உண்மைதான். ஆனால் அதே கோணலில் சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டு வலித்தாலோ, விரல்கள் ராத்திரியில் மரத்தாலோ, கட்டைவிரல் திடீரென்று நிமிராமல் போனாலோ காட்ட வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் படிப்பை முடித்து வந்த புதிதில், 12 வயதுப் பையன் ஒருவனை அவன் அப்பா கூட்டிவந்தார். முன்கை நடுவில் 20 டிகிரிக்கு மேல் கோணல். "பிள்ளைதானே, வளர வளர நேராகிவிடும்" என்று சொல்லி அனுப்பினேன். நான்கு வருடம் கழித்து வந்தான். கோணல் அப்படியே இருந்தது, திருப்பம் பாதிகூட இல்லை. குழந்தை எலும்பு நிமிரும் என்பது பொய் இல்லை, ஆனால் அதற்குக் கணக்கு உண்டு. முன்கை எலும்புகளின் வளர்ச்சியில் முக்கால் பங்குக்கு மேல் மணிக்கட்டுப் பக்கம்தான் நடக்கிறது. அதனால் மணிக்கட்டுக்கு அருகில் முறிந்து, வயது 8, 9-க்குள் இருந்தால் கோணல் நன்றாக நிமிரும். எலும்பின் நடுப்பகுதியில் முறிந்தால், பத்து வயதுக்கு மேல் அதை நம்ப முடியாது. முறுக்கு எந்த வயதிலும் தானாகச் சரியாகாது. அந்தப் பையனுக்கு நான் இழக்க வைத்த நான்கு வருடத்தை நினைக்காமல் இன்றுவரை எந்தக் குழந்தையின் எக்ஸ்ரேயையும் நான் பார்த்ததில்லை.

செலவுக்கு: உங்கள் ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்று முதலில் பாருங்கள். எல்லையில் நிறைய குடும்பங்களுக்குப் பிறந்த வீடு தேனி மாவட்டம், கார்டு இடுக்கி மாவட்டம். கேரளக் கார்டு என்றால் காருண்யா காப்பீட்டைப் பற்றி கோட்டயம் மெடிக்கல் காலேஜில் கேளுங்கள். தமிழ்நாட்டுக் கார்டு என்றால் தேனி மெடிக்கல் காலேஜிலோ மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியிலோ முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் கேளுங்கள். கார்டையும் ஆதாரையும் கையில் வைத்துக்கொண்டு கவுன்டருக்குப் போய்விட்டு, பிறகு ஓ.பி. சீட்டு போடுங்கள். முதல் நாளே அலைச்சல் பாதி குறையும்.

போகும்போது தை மாதம் விழுந்த அன்று எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், மடங்கிப்போயிருந்தாலும் பரவாயில்லை. பென்சில் போட்டோ இரண்டையும் போனில் வைத்திருங்கள். டாக்டரிடம் "வளைஞ்சிருக்கு" என்று தொடங்காமல், "உள்ளங்கை மேல திரும்பல, விபூதி வாங்க முடியல, சோறு அள்ள முடியல" என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த எலும்பு திருப்பத்தைத் தடுக்கிறது, முறுக்கு இருக்கிறதா, ஆபரேஷன் செய்தால் எத்தனை டிகிரி திரும்பக் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் எக்ஸ்ரேயைக் காட்டி நிதானமாகப் பதில் சொல்கிறவரிடம் கையைக் கொடுக்கலாம்.